ஏழு ஜன்னல் உள்ள இருட்டறை

1. குடையை வாசலில் வைத்தேன்

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கொழும்பிலிருந்து டெஸ்க் கூப்பிட்டது. டெஸ்க் என்பது எங்கள் பத்திரிகையின் பிரதேசப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு தம்பி. நுவரெலியாப் பக்கம் அவர் வந்தது ஒரே ஒரு தடவை, பூக்கண்காட்சி பார்க்க. அதனால் மலையகம் பற்றி அவருக்கு நிறையத் தெரியும்.

"அண்ணே, உங்க ஏரியாவுல ஒரு ஆயா சின்னப் புள்ளைகளுக்கு மயக்க மருந்து குடுத்துத் தூங்க வைக்குதாம். ஃபேஸ்புக்ல ஊரே பாத்துருச்சு. நம்மகிட்ட ஒரு வரி இல்ல. நீங்க லிந்துலையிலதானே இருக்கீங்க?"

லிந்துலையில்தான் இருந்தேன். முப்பத்தொரு வருடமாக அங்கேதான் இருந்தேன். அந்தப் பத்திரிகையில் 'எமது லிந்துலை நிருபர்' என்று நீங்கள் எங்கேயாவது படித்திருந்தால் அது நான்தான். பெயர் போடமாட்டார்கள். பெயர் இல்லாமல் எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது. தெருவில் யாரும் வந்து சட்டையைப் பிடிக்க முடியாது.

"எத்தன மணிக்குள்ள வேணும்?" என்று கேட்டேன்.

"நேத்தே வேணும்ணே."

விஷயம் நடந்த தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை கெடுத்தது போதும். பஸ் தேயிலைத் தொழிற்சாலை வரைதான் போகும். அங்கிருந்து தோட்டத்தின் மேல் பகுதிக்கு, மேல் டிவிசனுக்கு, மூன்று மைல் ஏற வேண்டும். அன்று மழை. எனக்கோ இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று போட்டி போட்டு வலிக்கிற வயது. இருந்தாலும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததற்கு அத்தாட்சி உண்டு. குடையை எடுத்து வாசலில் வைத்தேன்.

குடையை வைத்துவிட்டு வந்து வீடியோவைப் பார்த்தேன். நாற்பது செக்கன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. யாரோ வெளியே நின்று ஜன்னல் வழியாக எடுத்திருந்தார்கள். ஒரு பெண் கபில நிறப் போத்தலிலிருந்து கரண்டியில் ஊற்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிறாள். வெட்டு. பிள்ளைகள் எல்லாம் பாயில் வரிசையாகத் தூங்குகிறார்கள். பின்னால் ஒரு சோகப் பாட்டு. மேலே சிவப்பு எழுத்தில், "பிஞ்சு உயிர்களோடு விளையாடும் ஆயா!! பகிருங்கள்!!"

இதைப் போட்டது 'சுடச்சுட மலை' என்கிற பக்கம். அதை நடத்தியது நிரோஷன். தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபோனுக்குக் கண்ணாடி மாற்றுகிற கடை வைத்திருந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். கண்ணாடி மாற்றிய நேரம் போக மீதி நேரத்தில் மலையக மக்களின் குரலாக இருந்தான். முப்பத்தொரு வருட அனுபவத்தைத் திரட்டி, செய்தியை உறுதிப்படுத்த நான் அவனுக்கே ஃபோன் போட்டேன்.

"நிரோஷன், இது உண்மையா?"

"நூத்துக்கு நூறு உண்மைண்ணே. அதான் வீடியோவே இருக்கே."

"யாரு எடுத்தது?"

"ஒருத்தர் அனுப்புனாருண்ணே."

"எந்த ஒருத்தர்?"

"சோர்ஸ சொல்லக் கூடாதுல்ல அண்ணே. பத்திரிகை தர்மம்."

பத்திரிகை தர்மம் என்று சொன்னபிறகு நான் என்ன செய்ய முடியும்? உட்கார்ந்து எழுதினேன். 'தெரியவருகிறது' என்று ஒரு சொல் நம் தொழிலில் இருக்கிறது. யாருக்குத் தெரிந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதை மூன்று இடத்தில் போட்டேன். 'பிரதேச மக்கள் விசனம் தெரிவிக்கின்றனர்' என்று ஒரு வரி. பிரதேச மக்கள் என்றால் நிரோஷன். வீடியோ கொஞ்சம் மங்கலாக இருந்ததால் 'இருட்டறை ஒன்றில்' என்றும் சேர்த்தேன். அந்த வீடியோவே ஒரு ஜன்னல் வழியாகத்தான் எடுக்கப்பட்டது என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

ஆயாவின் பெயரை மட்டும் போடவில்லை. ஒருவருடைய மானம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா, நெறிமுறை இருக்கிறது. தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் மட்டும் போட்டேன். அந்த டிவிசனில் இருந்தது ஒரே ஒரு பிள்ளைக்காம்பரா, ஒரே ஒரு ஆயா.

குடை மாலைவரை வாசலிலேயே இருந்தது.

2. சாட்சிக்குச் சாட்சி

மறுநாள் ஏழாம் பக்கத்தில் செய்தி வந்தது. ஏழாம் பக்கம் கலர்ப் பக்கம். மறுபக்கத்தில் சினிமா.

காலை எட்டு மணிக்கெல்லாம் நிரோஷன் என் செய்தியைப் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டுவிட்டான். "நாங்கள் சொன்னது உண்மை! தேசியப் பத்திரிகையும் உறுதி செய்தது!" பத்து மணிக்கு டெஸ்க் கூப்பிட்டு, "அண்ணே, சூப்பர். நம்ம செய்தியத்தான் இப்ப எல்லாரும் ஷேர் பண்றாங்க," என்றது. அதாவது, அவன் சொன்னதை நான் உறுதி செய்தேன், நான் சொன்னதை அவன் உறுதி செய்தான். இரண்டு பேரும் மலை ஏறவில்லை.

பழைய காலத்தில் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் கதைவிடப் போவதில்லை. கூட்டம் தொடங்கும் முன்பே 'பெருந்திரளான மக்கள் கலந்துகொண்ட' என்று எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்பியவன் நான். ஆனால் அப்போது டெஸ்க்கில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. செய்தியைச் சொல்லி முடித்ததும் குறுக்கே ஒரு கேள்வி போடுவார்கள். "பஸ் எந்தப் பக்கமாச் சரிஞ்சு கெடந்துச்சு?" "எரிஞ்ச லயத்து வீடுகளுக்குத் தகரமா ஓடா?" போகாமல் எழுதியவன் அந்த இடத்தில் திருதிருவென்று முழிப்பான். இப்போது அந்தத் தொல்லை இல்லை. வீடியோ இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள். வீடியோ இருந்தால் நிருபருக்குக் கண் தேவையில்லை.

அன்று தலவாக்கலையில் எங்கள் பத்திரிகை ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். அந்தத் தோட்டத்து ஆட்கள் வந்து ஆளுக்கு இரண்டு மூன்றாக வாங்கிப் போனார்களாம். தங்கள் டிவிசனின் பெயர் முதல்முறையாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது, வாங்காமல் இருப்பார்களா? எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் எனக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசியது அந்தப் பகுதியில் தாய்சேய் நலம் பார்க்கிற மிட்வைஃப். சிங்களப் பெண்மணி. இருபது வருடமாகத் தோட்டங்களில் ஏறி இறங்கித் தமிழ் கற்றுக்கொண்டவர்.

"மாத்தயா, நீங்கதானே லிந்துலை பத்திரிகை? அந்தப் போத்தல் நான் குடுத்தது. வயித்துப் பூச்சிக்கு மருந்து. எல்லாப் புள்ளைக்கும் குடுக்கிறது. நான் பக்கத்திலதான் நின்னது. நீங்க நஞ்சு மாதிரி எழுதி இருக்கு. அந்த மேரி பாவம் இல்லையா? நீங்க வந்து பாத்ததா?"

நான் 'விசாரித்துச் சொல்கிறேன்' என்றேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது அந்த நேரத்தில் ஒரு தொந்தரவாக இருந்தது.

3. சுவர்

அடுத்த நாள் ஏறினேன். மழை இல்லை. முழங்கால்கள் இரண்டும் சம்மதித்தன. மூன்று மைல் என்று நான் பயந்தது ஒன்றரை மணி நேர நடைதான்.

மேட்டு லயத்தில், தொழிலாளர் குடியிருக்கிற அந்த ஒற்றை வரிசையில், பன்னிரண்டு வீடு. எல்லோரும் மலைக்குப் போயிருந்தார்கள். எங்கள் பக்கம் கொழுந்து பறிக்கப் போவதை அப்படித்தான் சொல்வோம். முதல் வீட்டு வாசலில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்று, இடுப்பில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றது. பாடசாலை நாள்.

"ஸ்கூல் போகலியா?" என்று கேட்டேன்.

"தம்பியப் பாத்துக்கணும். அம்மா மலைக்குப் போயிருச்சு."

"புள்ளக்காம்பரா இருக்கே?"

"அங்க விடக்கூடாது. மயக்க மருந்து குடுப்பாங்க." அந்தப் பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. "உங்களுக்குத் தெரியாதா? பேப்பர்லயே வந்துருக்கு."

உள்ளே காட்டியது. லயத்துச் சுவர் ஈரச் சுவர். புகையும் ஈரமும் தெரியாமல் இருக்கக் கோதுமை மா காய்ச்சிப் பசையாக்கி, தீபாவளிக்குத் தீபாவளி புதுப் பத்திரிகை ஒட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கிற கலர்ப் பக்கமாகத் தேடி ஒட்டுவார்கள். அந்த வீட்டில் ஏழாம் பக்கம் இரண்டு பிரதி இருந்தது. ஒன்றில் சினிமா வெளியே தெரிந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்ததில் நான் தெரிந்தேன்.

பிள்ளை விரலை வைத்து எழுத்துக்கூட்டி எனக்குப் படித்துக் காட்டியது. பாடசாலை இல்லாத நாட்களில் அதற்கு வாசிப்புப் பயிற்சி நான்தான் போலிருக்கிறது. ஒரு சொல்லில் நின்று, "இருட்டறைன்னா ஜெயிலா சார்?" என்று கேட்டது.

அடுத்தடுத்த வீடுகளிலும் எட்டிப் பார்த்தேன். எல்லாச் சுவரிலும் அதே ஏழாம் பக்கம். நிரோஷனின் பதிவு அதற்குள் இருநூறு பதிவுகளுக்குக் கீழே போய்ப் புதைந்திருக்கும். என் செய்தி அடுத்த தீபாவளிவரை இருக்கும். பத்திரிகைக்கு ஆயுள் ஒருநாள்தான் என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். அந்த லயத்தில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு பயமும் வந்தது.

பிள்ளைக்காம்பரா லயத்துக்குக் கீழே இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தொட்டில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. பாய்கள் சுருட்டிச் சுவரோரம் நின்றன. பதினான்கு பிள்ளைகளின் பெயரும் எடையும் எழுதிய நிறை அட்டைகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. ஒரு பிள்ளைகூட இல்லை.

"வாங்க சார். ஆள் உக்கார்ற நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, நீங்க உக்காருங்க," என்றார். அவர்தான் ஆரோக்கியமேரி. தாய்மார் மேரி டீச்சர் என்பார்கள்.

"பத்திரிகையில இருந்து வர்றேன்," என்றேன். எந்தப் பத்திரிகை, எந்த ஊர் நிருபர் என்று சொல்லவில்லை.

"வந்தீங்களே, சந்தோசம். மேலிடத்துல இருந்து வந்து விசாரிச்சாங்க சார். மிட்வைஃப் நோனாவும் வந்து சொன்னாங்க. தப்பு இல்லன்னு எழுதியும் குடுத்துட்டாங்க. தோட்டத்து மேனேஜர் தொரயும் தொறக்கச் சொல்லிட்டாரு. நான் தெனம் ஏழு மணிக்குத் தொறக்குறேன். கூட்டுறேன். உக்காந்துருக்கேன். நாலு மணிக்குச் சாத்துறேன். புள்ளைக வரல."

"தாய்மாருக்கிட்ட நீங்க சொல்லலியா?"

"சொல்லாம இருப்பேனா? 'நீங்க சொல்றீங்க டீச்சர், பேப்பர்ல வேற மாதிரி போட்டுருக்கே'ங்கிறாங்க. அவங்களச் சொல்லி என்ன செய்ய. அவங்க புள்ள." கொஞ்ச நேரம் சேலையை மடித்தார். "இந்த மாசக் கடைசிக்குள்ள புள்ளைக வரலன்னா, இதச் சாத்திக் கீழ் டிவிசனோட சேத்துருவேன்னு தொர சொல்லிட்டாரு. எனக்கு வேல போறது ஒரு பக்கம். கீழ் டிவிசனுக்குக் கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு யாரு சார் காலையில எறங்குவா? மூத்த புள்ளைகதான் ஸ்கூல விட்டுட்டு வீட்டுல நிக்கும். இப்பவே அஞ்சு புள்ளைக நிக்குது."

நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். அது எடுக்கவேண்டிய நாளில் எடுக்காத புத்தகம்.

"பன்னண்டு மணிக்குச் சோறு சார். தின்னா புள்ளைக தூங்கும். பெரியவங்களே தூங்குறாங்க. இதுல மயக்க மருந்து எங்க வந்துச்சு? அதக்கூட விடுங்க. இருட்டறைன்னு போட்டாங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. எண்ணுங்க சார்."

எண்ணினேன். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, பின்னால் ஒன்று. ஏழு ஜன்னல். ஏழிலும் அவரே தைத்த மஞ்சள் திரை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் வெயில் நேராக விழுந்து, குனிந்து எழுதினால் கண் கூசியது.

"யாரு சார் இத எழுதுனது?" என்று கேட்டார்.

"அது கொழும்புல... டெஸ்க்குல..." என்றேன்.

"சரிங்க சார்," என்றார் அவர்.

4. திருத்தம் வந்த பக்கம்

டெஸ்க்கிடம் விஷயத்தைச் சொன்னேன். தம்பி மனிதாபிமானம் உள்ளவர்.

"அச்சச்சோ. சரிண்ணே, ஒரு திருத்தம் போட்டுருவோம்."

போட்டார். இரண்டு அங்குலம். 'எமது பத்திரிகையில் அண்மையில் வெளியான லிந்துலைப் பிரதேசச் செய்தி ஒன்றில் இடம்பெற்ற சில தகவல்கள் உறுதிப்படுத்தப்படாதவை எனத் தெரியவருகிறது. தவறுக்கு வருந்துகிறோம்.' எந்தச் செய்தி, எந்தத் தகவல் என்று ஒன்றுமில்லை. கண்டுபிடிப்பவருக்குப் பரிசு கொடுக்கலாம். 'தெரியவருகிறது' மட்டும் மறக்காமல் இருந்தது. அது வந்த இடம் பதினாலாம் பக்கம், மரண அறிவித்தல்களுக்கு நடுவில்.

என்ன இருந்தாலும் திருத்தம் திருத்தம்தானே என்று ஐந்தாறு பிரதியோடு மறுபடி ஏறினேன். அன்று ஞாயிறு, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். முதல் வீட்டுப் பிள்ளையின் தாய் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். நான்கு பக்கமும் மாலை போட்ட முகங்கள்.

"என்னா சார் இது! செத்தவங்க படம் இருக்கிற பேப்பர யாராச்சும் வீட்டுச் செவுத்துல ஒட்டுவாங்களா? அதுவும் தீவாளி முடிஞ்ச கையோட? கொண்டு போங்க சார்."

பன்னிரண்டு வீட்டிலும் அதே பதில். அவர்கள் செய்தது தப்பில்லை. மரண அறிவித்தல் பக்கத்தை எங்கள் மக்கள் வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். சாமான் சுற்றக்கூட எடுக்கமாட்டார்கள். கொழும்பில் இருந்த தம்பிக்கு இது தெரிந்து அங்கே போட்டார் என்று நான் சொல்லவில்லை. தெரியாமலேயே அவ்வளவு பொருத்தமான இடத்தைப் பிடித்திருந்தார்.

இறங்கும் வழியில் நிரோஷனின் கடைக்குப் போனேன். "அந்தப் பதிவ என்ன செஞ்ச?"

"டிலீட் பண்ணிட்டேன்ணே. விசாரணையில ஒண்ணும் இல்லன்னு கேள்விப்பட்ட ஒடனேயே. முடிஞ்சுச்சு." அவன் உண்மையாகவே முடிந்துவிட்டதாக நம்பினான். பிறகு கையில் இருந்த ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, வேணும்னா அந்த ஆயாவ வெச்சு ஒரு வீடியோ செய்வோம். அவங்க பக்க நியாயம். கொஞ்சம் அழுதாங்கன்னா நல்லாப் போகும்," என்றான்.

இதை நான் மேரி டீச்சரிடம் ஃபோனில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. பத்திரிகைக்காரன் புத்தி, விற்கிற சரக்கை எடுத்துக்காட்டாமல் இருக்க முடியாது.

"நான் ஏன் சார் அழணும்?" என்று கேட்டார் அவர்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது.

5. கடைசிச் செய்தி

முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய செய்திகளில் அதிக நேரம் எடுத்தது அதுதான். மிட்வைஃபைப் பார்த்தேன். விசாரணைக் கடிதத்தைப் பார்த்தேன். கபிலப் போத்தலைக் கையில் வாங்கி லேபலைப் படித்தேன். வீடியோ எடுத்தவரையும் கண்டுபிடித்தேன். தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து முன்கூட்டியே வந்த ஒருவர். அங்கே இருந்த தன் அக்காவின் பெண்குழந்தையைத்தான் படம் பிடித்தாராம். "பாட்டும் எழுத்தும் நான் போடல சார்," என்றார். இவ்வளவுக்கும் எனக்குத் தேவைப்பட்டது இரண்டு நாள். எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'முன்னைய பொய்ச் செய்தியை, இடத்துக்குப் போகாமல் எழுதியவன் நானே.' கீழே முதல்முறையாக என் பெயர்.

டெஸ்க் படித்துவிட்டுக் கூப்பிட்டது. "அண்ணே, நல்லாருக்கு. ஆனா இதுல நியூஸ் என்ன இருக்கு? ஒரு பிள்ளைக்காம்பரா, அதுல ஒண்ணும் நடக்கல. இத யாரு படிப்பா?"

"பன்னண்டு வீட்டுல படிப்பாங்க."

"பன்னண்டா?" தம்பி சிரித்தார்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். மூன்று மாதமாக டெஸ்க் என்னை மரியாதையாக அனுப்பிவைக்க வழி தேடிக்கொண்டிருந்தது. மொபைல் நிருபர் என்று ஒன்று வரப்போகிறது, ஃபோனிலேயே எல்லாம் செய்கிற ஆள் வேண்டும் என்று இரண்டு தடவை ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். நான்தான் ஜாடை புரியாத மாதிரி இருந்தேன்.

"தம்பி, இத ஏழாம் பக்கத்துல, கலர்ல, அந்த டீச்சர் படத்தோட போடுங்க. போட்ட மறுநாள் நான் விலகிக்கிறேன். நீங்க ஒங்க ஆளப் போட்டுக்கலாம்."

மறுமுனையில் நாட்காட்டி புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணே. எந்தத் திகதிக்குப் போடணும்?" என்றார்.

ஏழாம் பக்கம், மேல் பாதி. மேரி டீச்சர் திறந்த ஜன்னல் ஒன்றின் பக்கத்தில் நிற்கிற படம். தலைப்பும் நான் கொடுத்ததே. கடைசி வரிக்கு வந்தேன். அதைக் காணோம். என் பெயர் இருந்தது. பொய் எழுதியவன் நான் என்பது இல்லை. டெஸ்க்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பத்திரிகையோட கௌரவம் இருக்குல்லண்ணே," என்றார் தம்பி. அந்தச் செய்தியைப் படிக்கிறவனுக்கு நான் ஏதோ அநியாயத்தைத் தட்டிக்கேட்க மலையேறிய மாவீரன் மாதிரி இருந்தது.

ஒரு கட்டுப் பத்திரிகையோடு ஞாயிறு காலை ஏறினேன். நான் ஃபோனில் சொல்லியிருந்தபடி மேரி டீச்சர் பூசை முடிந்து வந்து பிள்ளைக்காம்பராவில் பசை காய்ச்சி வைத்திருந்தார். பக்கத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தார். மடித்தார். மறுபடி விரித்துக் கடைசிப் பகுதியை மட்டும் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். ஏழு ஜன்னலும் வந்துருக்கு. முதல்ல எழுதுனது யாருன்னு மட்டும் இல்லையே."

டெஸ்க் வெட்டிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு தடவையாவது டெஸ்க்கின் பின்னால் ஒளியக் கூடாது என்று தோன்றியது.

"நான்தான் டீச்சர். போகாம எழுதுனேன்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"லிந்துலை நிருபர்னு போட்டுருந்துச்சு. லிந்துலையில ஒங்க பேப்பருக்கு எத்தன நிருபர் இருக்காங்க?" குரல் உயரவே இல்லை. "மிட்வைஃப் நோனா ஒங்களப் பத்திச் சொல்லியிருந்தாங்க, முதநாள் வந்தப்பவே தெரியும். நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

நிறை அட்டைக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கிய பேனாவை அவர் அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"எழுதுங்க."

பன்னிரண்டு வீட்டுக்கும் போனோம். அவர் பசை தடவினார், நான் ஒட்டினேன். எல்லா வீட்டிலும் என் பழைய செய்தியின் மேலேயே ஒட்டினோம். ஒட்டியபின் ஒவ்வொன்றின் கீழும் அந்த வரியை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஈரத் தாளில் பேனா இழுத்தது. முதல் வீட்டுத் தாய் நான் எழுதி முடிக்கும்வரை என் பின்னால் நின்று பார்த்தார்.

"அப்ப நீங்கதானா சார் அது? எங்க மூத்தது பதினெட்டு நாளா ஸ்கூல் போகல, தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சு என்னா செய்ய," என்றார். அதற்குப் பிறகு மற்ற பதினொரு வீட்டில் எழுதியது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பட்ட அடிமேல் அடி விழுந்தால் மரத்துவிடும்.

திங்கள் காலை மூன்று பிள்ளைகள் வந்தார்கள் என்று மேரி டீச்சர் ஃபோன் செய்தார். அதில் ஒன்று முதல் வீட்டுக் கைக்குழந்தை. அக்காக்காரி பாடசாலைக்குப் போய்விட்டது. மாதக் கடைசியில் ஒன்பது பிள்ளைகள். தொரை கதவைச் சாத்தவில்லை. மீதி ஐந்து பேர் இன்றுவரை வரவில்லை. அந்த ஐந்து தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன்.

6. புதிய லிந்துலை நிருபர்

நான் விலகிய இடத்துக்கு நிரோஷனைப் போட்டார்கள். ஆள் கிடைக்காமல் அல்ல, தேடிப் பிடித்துத்தான் போட்டார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்னம் ஒட்டிய மைக்.

அவன் வேலைக்குச் சேர்ந்த வாரமே 'சுடச்சுட மலை'யில் ஒரு படம் வந்தது. ஒரு லயத்துச் சுவர். அதில் என் கையெழுத்து. "பிரபல நிருபரின் அதிர்ச்சி வாக்குமூலம்!! சுவரில் எழுதிய உண்மை!!" என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது அந்த ஒரு வரிதான்.

அன்று மாலை நிரோஷன் ஃபோன் செய்தான்.

"அண்ணே, இது உண்மையா?"

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்ணே. போட்டப்புறம்தான் ஒங்களக் கேக்கணும்னு தோணுச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். நான் அவனிடம் கேட்டது போலவே அவனும் கேட்டான். நான் குடையை வாசலில் வைத்த மாதிரிதான் இதுவும். இளம் நிருபர்களுக்கு அனுபவத்தில் ஒன்று சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். குடையை எடுத்தால் போதாது, பிடித்துக்கொண்டு நடக்கவும் வேண்டும். அவனிடம் அதை வேறு மாதிரிச் சொன்னேன்.

"மேல் டிவிசனுக்கு ஒருதரம் ஏறிப் போ. புள்ளக்காம்பராவுல எத்தன ஜன்னல்னு எண்ணிட்டு வந்து சொல்லு. அப்புறம் பேசலாம்."

"அதுக்கு என்னத்துக்குண்ணே மல ஏறணும்? ஒங்க செய்தியிலயே ஏழுன்னு இருக்கே."

போன வாரம் நான் போயிருந்தேன். மாசிக் காற்றில் பின்பக்க ஜன்னல் பெயர்ந்து விழுந்து, அந்த இடத்தில் பலகை அடித்திருக்கிறார்கள். இப்போது ஆறுதான்.